வாயில்லா ஜீவனின் ஹக்: குதிரை வைத்திருப்போருக்கும் வாடகைக்கு எடுப்போருக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



இந்த ஜும்ஆவில் குதிரையைப் பற்றிப் பேசப்போகிறேன். கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும் இந்த ஊரில் குதிரைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு சகோதரர் கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அது தவறான பதில் அல்ல. ஆனால் பாதிப் பதில். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டவன் என்ற முறையில் அதை இந்த மிம்பரிலேயே நிறைவு செய்ய வேண்டியது என் கடமை.

அந்தச் சகோதரர் கல்யாண ஊர்வலத்துக்கு இரண்டு குதிரைகளை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், வெள்ளைக் குதிரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்குது. டாக்டர் ரெண்டு மாசம் ரெஸ்ட் குடுக்கணும்னு சொல்றாரு. கல்யாண சீசன் வருது. வெளியூர்க்காரர் ஒருத்தர் விலை கேக்குறாரு. வலி ஊசி போட்டுக் காட்டுனா நொண்டறது தெரியாது. குடுத்துடலாமா?"

"பாய், ஊசி போட்டுக் காட்டினால் அது மோசடி. கால் இப்படி இருக்கிறது, டாக்டர் இப்படிச் சொன்னார் என்று வாங்குபவரிடம் சொல்லி விற்றால் உங்கள் மீது குற்றம் இல்லை" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். உள்ளதைச் சொன்னதால் பாதி விலைதான் கிடைத்தது. நானும் அவரைப் பாராட்டி, பரக்கத்துக்கு துஆ செய்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத், செங்குன்றம் பக்கம் ஒரு கல்யாணத்துல அந்தக் குதிரையைப் பார்த்தேன். மேல மாப்பிள்ளை உக்காந்திருக்காரு. கால் அப்படியேதான் இருக்கு. என்னைப் பார்த்ததும் காதை நிமிர்த்துச்சு. நான் பொய் சொல்லலையே ஹஜ்ரத்? அப்புறம் ஏன் எனக்குத் தூக்கம் வரலை?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேடப்போகிறோம்.

வாங்குபவரின் ஹக்

விற்பனையில் குறையை மறைப்பது ஹராம் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஸஹாபாக்கள் இதில் எவ்வளவு பேணுதலாக இருந்தார்கள் என்று பாருங்கள்.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் சந்தையில் நின்றபோது ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு போனார். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று அவரை அழைத்துக் கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று எடுத்துச் சொன்னார்கள். விற்றவர் கோபித்துக்கொண்டார். ஆனால் தெரிந்த குறையைச் சொல்லாமல் இருக்க எவருக்கும் அனுமதி இல்லை என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் நிலை.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சம்பவம் குதிரையைப் பற்றியதே. அவர்களுக்காக 300 திர்ஹமுக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்ததும், இது அந்த விலையைவிட உயர்ந்தது என்று விற்பவரிடம் தாமே சொல்லி, நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்ததே காரணம்.

நம் சகோதரரும் உண்மையைச் சொல்லித்தான் விற்றார். வாங்கியவரின் ஹக் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த வியாபாரத்தில் மூன்றாவதாக ஓர் உயிர் நின்றுகொண்டிருந்தது. அதன் ஹக்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காழியிடம் போக முடியாத உயிர்

நம் பள்ளியில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். கால்நடைக்குத் தீனி போடாத உரிமையாளரை என்ன செய்வது என்ற கேள்வியை இரண்டு மத்ஹபின் இமாம்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். காழி அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும் அப்படியே சொன்னார்கள். ஆனால் ஹனஃபி மத்ஹபின் பிரதான கருத்து, காழி கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான். ஏனென்றால் தீர்ப்புக்கு வழக்காடுபவர் வேண்டும். விலங்கு வழக்காடாது.

அத்தோடு அந்த இமாம்கள் நிறுத்திவிடவில்லை. காழி கட்டாயப்படுத்தாவிட்டாலும், அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் அது கடமையாகவே இருக்கிறது, விட்டால் குற்றவாளி என்றார்கள்.

இதை நன்றாகச் சிந்தியுங்கள். மனிதனிடம் பட்ட கடனை அவன் வந்து கேட்பான், ஜமாஅத்தில் பிராது வைப்பான், கோர்ட்டுக்குப் போவான். குதிரையிடம் பட்ட கடனை யார் கேட்பார்? கேட்க ஆளில்லாத கடனைத்தான் மனிதன் முதலில் மறக்கிறான். ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகத்துக்குரியவள் ஆனாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். எந்தக் காழியும் அவளை விசாரிக்கவில்லை. வழக்கு நேராக மேலே போய்விட்டது.

ஹிஜ்ரி 660, அதாவது கி.பி. 1262இல் வஃபாத்தான பெரும் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது விலங்குக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதில் முதலாவதைக் கேளுங்கள்: அதற்குரிய தீனிச் செலவைச் செய்ய வேண்டும், முதுமையாலோ நோயாலோ இனி எந்தப் பயனும் தராத நிலைக்கு வந்துவிட்டாலும் செய்ய வேண்டும். அடுத்து, தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது என்றும் எழுதினார்கள்.

உழைக்கும் நாளில் தீனி போடுவது வியாபாரம். உழைக்க முடியாத நாளில் போடுவதுதான் ஹக்.

காயல் துறைமுகம் தரும் படிப்பினை

கேட்க ஆளில்லாத உயிரின் விஷயத்தில் மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு நம் தமிழ்க் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

நம் சென்னைக் கரையிலும் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த குதிரைகளை இந்த அலையில் இறக்கிய காட்சி 1834 வாக்கில் ஓவியமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக் காயலில், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பாண்டியர்களுக்குக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்றும், ஒரு குதிரைக்கு 220 தீனார் செம்பொன் என்றும் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1290களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஒரு மன்னர் மட்டுமே ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்கிறார். காரணமும் சொல்கிறார். குதிரைக்கு இறைச்சியோடு சமைத்த சோறு போட்டார்கள். குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் புதுக் குதிரை விற்கும்!

வழிப்போக்கர்களின் கணக்கு மிகையாக இருக்கலாம். எல்லா வியாபாரியும் அப்படி இருந்திருக்கவும் மாட்டார். ஆனால் அந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் கலிமா சொன்னவர்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. குதிரை வைத்தியத்துக்கு அரபியில் 'பைத்தரா' என்றே தனிக் கலை இருந்தது. அதற்கென்று பெரிய கிதாபுகள் எழுதப்பட்டன. விலங்கின் உரிமையை இஸ்ஸுத்தீன் (ரஹ்) எழுதிவிட்டுப் போய் முப்பதே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இல்மு இருந்தது. அது கப்பல் ஏறவில்லை, குதிரை மட்டும் ஏறியது.

ஜரீர் (ரலி) அவர்கள் தமக்குத் தெரிந்ததை, தமக்கு நஷ்டம் என்றாலும், எதிரில் இருப்பவருக்குச் சொன்னார்கள். காயல் வியாபாரி தனக்குத் தெரிந்ததை, லாபத்துக்காக மறைத்தான் என்கிறது வரலாறு. குதிரை வைத்திருக்கும் சகோதரரே, நீங்கள் யாருடைய வாரிசு?

தெரிந்துகொள்வதும் ஹக்தான்

குதிரையின் ஹக்கை நிறைவேற்ற இரக்கம் மட்டும் போதாது. பாண்டியர் இறைச்சிச் சோறு போட்டதும் இரக்கத்தால்தான் இருக்கும். அதனால் கால்நடை மருத்துவர்களிடமும் பழகியவர்களிடமும் கேட்டறிந்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

தீனி: குதிரையின் இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் மென்றுகொண்டே இருக்கப் படைக்கப்பட்டது. புல்லும் வைக்கோலும்தான் அதன் உணவு. உலர் தீவனமாகக் கணக்கிட்டால் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். 300 கிலோ குதிரைக்கு ஐந்து, ஆறு கிலோ. கொள்ளும் தவிடும் அதற்கு மேல், அளவோடு. கல்யாண வீட்டில் மிஞ்சிய பிரியாணியை அன்பாகக் கொண்டுவந்து கொட்டுகிறோமே, அது காயலில் நடந்த அதே தவறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சேராததைத் தின்றால் வயிற்று வலி வந்து, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தானியமும் சோறும் அதிகமானால் குளம்பின் உட்பகுதி வெந்து, நிரந்தரமாக நொண்டியாகிவிடும். தீனியைத் தரையில் போடாதீர்கள். மணலும் பிளாஸ்டிக்கும் வயிற்றில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தீனித் தொட்டி ஒன்று வாங்கினால் போதும்.

தண்ணீர்: ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், நம் வெயிலில் அதற்கு மேலும் வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால் உப்புக்கட்டி ஒன்று நாவுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குளம்பு: தினமும் நான்கு காலையும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, லாடத்தை மாற்ற வேண்டும். நம் பகுதியில் பட்டறைகளும் லாரி ஷெட்டுகளும் அதிகம். ஆணியும் இரும்புத் துண்டும் தெருவில் கிடக்கும். ரணஜன்னி எளிதில் தாக்கும் பிராணி குதிரை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குளம்பு சூடாக இருந்தாலோ, பாரத்தைப் பின்னங்காலில் தாங்கிச் சாய்ந்து நின்றாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓய்வு: குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மேம்பாலத்தின் கீழே கட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டால் எப்படிப் படுக்கும்? வேலை வாங்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் நம் நாட்டில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவோ சுமை தூக்கவோ விடக் கூடாது.

நோய்: நலமான குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி. இதை எப்படிப் பார்ப்பது என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தீனியைத் தொடாமல், வயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, படுத்துப் புரண்டால் காத்திருக்காதீர்கள். மூக்கில் சீழ் வடிந்து, தோலில் புண் கிளம்பினால் மறைக்காதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். 1903 முதல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எத்தனை தூரம்? காயலில் வைத்தியர் இல்லை என்று சொல்ல வழியிருந்தது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

வலி ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. வலி என்பது அந்த வாயில்லா ஜீவனுக்கு இருக்கும் ஒரே வாய். மருத்துவர் ஓய்வோடு சேர்த்துக் கொடுத்தால் அது சிகிச்சை. அந்த ஊசியைப் போட்டு ஊர்வலத்துக்கு ஓட்டினால், அதன் வாயையும் பொத்திவிட்டோம் என்று பொருள்.

பிள்ளைகளின் ஃபீஸ் யார் கட்டுவது?

"ஹஜ்ரத், ரெண்டு மாசம் ரெஸ்ட் குடுத்தா வீட்டுல அடுப்பு எரியணுமே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனைவி மக்களின் ஹக்கும் ஹக்தான். குதிரைக்காக அவர்களைப் பட்டினி போடச் சொல்ல நான் யார்?

ஆனால் லாரி வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் போகத்தான் லாபம் என்று கணக்குப் போடுவார். குதிரையின் ஓய்வும் வைத்தியமும் முதுமையும் அப்படியே செலவுக் கணக்கில் முதலிலேயே வர வேண்டியவை. ஒவ்வொரு கல்யாண வாடகையிலும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பங்கு நமக்குச் சொந்தமானதே இல்லை, குதிரை சம்பாதித்தது. அதையும் மீறி ஒருவர் சிரமத்தில் விழுந்தால், மஹல்லா கைகொடுக்கட்டும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்றும், ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் நன்மை உண்டு என்றும் படித்த நாம், ஒரு குதிரையின் இரண்டு மாதத் தீனியை ஸதகாவாகக் கருத மாட்டோமா?

விற்பதாக இருந்தால் விலையை மட்டும் பேசாதீர்கள். ஓய்வு கொடுப்பாரா, வைத்தியம் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். மாட்டார் என்று தெரிந்தும் விற்றால், வாங்கியவரின் ஹக்கைக் கொடுத்துவிட்டுக் குதிரையின் ஹக்கைக் கைகழுவிவிட்டோம். நான் அன்று சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

குதிரை இல்லாதவர்களுக்கு

நம்மிடம் குதிரை இல்லை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை ஏறுவதற்கு வாடகை பேசுகிறவர் நாம்தான். எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு பத்து மணி வரை பேண்டு சத்தத்தில் நிற்க வைப்பதும் நாம்தான். குதிரையின் காலடியில் பட்டாசு வெடிப்பவர் நம் வீட்டுப் பிள்ளைகள். வாகனத்தின் முதுகை மேடையாக்கிக்கொள்ளாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நின்று பேசவும், படம் எடுக்கவும், வீடியோவுக்குக் காத்திருக்கவும் அதன் முதுகு மேடை அல்ல. நொண்டும் குதிரை வந்தால் கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். மாப்பிள்ளை நடந்து போனால் நிக்காஹ் குறைந்துவிடாது. வாடகைக்கு எடுப்பவர் காலைப் பார்க்க ஆரம்பித்தால், வாடகைக்கு விடுபவர் காலைக் கவனிக்க ஆரம்பிப்பார்.

ஏன் தூக்கம் வரவில்லை?

தமீமுத் தாரீ (ரலி) அவர்களைப் பார்க்க ஒருவர் போனார். வீட்டார் சுற்றி இருக்க, அவர்களே தம் குதிரைக்கான வாற்கோதுமையைக் கையால் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவர் செய்யக் கூடாதா என்று கேட்டதற்கு, இதன் ஒவ்வொரு மணிக்கும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறேன் என்றார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஓர் அறிவிப்பு உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்கப்பட்டது. இரவில் குதிரை விஷயமாகத் தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறினார்கள். படைப்பினங்களில் சிறந்த, ரஹ்மத்தாக அனுப்பப்பட்ட நபிக்கே அந்தச் செய்தி இரவில் வந்தது.

அந்தச் சகோதரரிடம் இதைத்தான் சொன்னேன்: "பாய், நீங்கள் பொய் சொல்லவில்லை. வாங்கியவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. குதிரையாலும் முடியாது. அதனால்தான் அல்லாஹ் உங்கள் தூக்கத்தை எடுத்திருக்கிறான். அது தண்டனை இல்லை. கடன் பாக்கி இருக்கிறது என்று நினைவூட்டல்."

அவர் வாங்கியவரைத் தேடிப் போனார். தான் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன், குதிரைக்கு ஓய்வு கொடுங்கள் என்று கேட்டார். முதலில் சிரித்தாராம். பிறகு ஒரு மாதம் கொடுக்கிறேன் என்றாராம். கேட்டது இரண்டு மாதம், கிடைத்தது ஒன்று. இப்போது தன்னிடம் மிஞ்சியிருக்கும் குதிரைக்குத் தகரக் கொட்டகை போட்டு, மணல் பரப்பி, அது படுக்கும் அளவுக்குக் கயிற்றை நீளமாக்கியிருக்கிறார். மருத்துவர் சொன்ன தேதியில் லாடம் மாற்றுகிறார்.

சகோதரர்களே, கேட்க வாயுள்ளவரின் கடனை அடைப்பது பெரிய காரியம் அல்ல. அவர் விட மாட்டார். கேட்க வாயில்லாதவரின் கடனை, யாரும் பார்க்காத லாயத்தில், யாரும் கேட்காத இரவில் அடைப்பவரே அல்லாஹ்வை அஞ்சுபவர்.

நமக்குப் பொறுப்பாகத் தரப்பட்ட ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் அறிந்துகொள்ளவும், அறிந்ததை மறைக்காமல் பிறருக்குச் சொல்லவும், சொன்னபடி நடக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.